கவிதைக்கு மைக் எங்கே வைப்பது?

சிறு முதலீட்டுப் படங்களில் வரும் பாட்டு, கவிதை பற்றி வாசகர்களைக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தார் பத்திரிகை ஆசிரியர். நிறையவே வந்துவிட்டன. நான் ஒலித்தொகுப்பாளர். பெரிய படம் என்றால் பாட்டுக்கு ஒரு குழு, உரிமை விவகாரத்துக்கு ஒரு வக்கீல் என்று தனித்தனியாக ஆள் இருப்பார்கள். நான் வேலை செய்கிற படங்களில் எல்லாம் சுற்றிச் சுற்றி என் மேஜைக்குத்தான் வரும். அந்தத் தைரியத்தில் பதில் சொல்கிறேன்.

*

என் முதல் படத்தில் பாரதியார் பாடல் ஒன்றை வைக்கிறேன். பாரதி பாட்டுக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம் என்கிறார்கள். யூடியூபில் அருமையான பழைய குரல் ஒன்று கிடைத்தது. அதையே போட்டுக்கொள்ளலாமா?
— அறிமுக இயக்குநர், திருநெல்வேலி

வரியை எடுத்துக்கொள்ளுங்கள். குரலைத் தொடாதீர்கள்.

ஒரு பாட்டுக்குள் மூன்று பேருடைய சொத்து இருக்கிறது. எழுதியவரின் வரி, இசையமைத்தவரின் மெட்டு, பதிவு செய்து வெளியிட்டவரின் ஒலிப்பதிவு. நம் சட்டப்படி வரிக்கும் மெட்டுக்கும் அவரவர் இறந்ததற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு, அது வெளியானதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. இதில் ஒன்று பொதுவாகிவிட்டது என்பதால் மற்ற இரண்டும் பொதுவாகிவிடாது.

பாரதி 1921ல் மறைந்தார். அவர் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை ஒரு காலத்தில் ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. பாரதி யாருக்கும் தனிச்சொத்தாக இருக்கக் கூடாது என்று எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் குரல் கொடுத்தார்கள். 1949ல் சென்னை மாகாண அரசு உரிமையை எடுத்துக்கொண்டது, பிற்பாடு அது எல்லோருக்கும் பொதுவானது. ஆக, வரி விஷயத்தில் உங்களை யாரும் கேட்க முடியாது. பாரதிதாசன் விஷயமும் இப்போது அப்படித்தான். அவர் 1964ல் மறைந்தார், படைப்புகளை அரசு முன்பே நாட்டுடைமை ஆக்கிவிட்டது, சட்டக் கணக்கும் 2024 முடிவோடு தீர்ந்தது. பிரமிள் என்றால் கதை வேறு. 1997ல் மறைந்தவர், 2057 முடியும் வரை உரிமையாளரைத் தேடிப் போய்க் கேட்டுத்தான் ஆக வேண்டும். சிறுபத்திரிகையில் வந்த கவிதைதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்ற பேச்சைத் தயவுசெய்து விடுங்கள்.

மெட்டில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். ‘துன்பம் நேர்கையில்’ பாரதிதாசன் எழுதியது. ‘ஓர் இரவு’ (1951) படத்தில் வந்து நம் காதில் தங்கிவிட்ட அந்த தேஷ் ராக மெட்டு தண்டபாணி தேசிகர் போட்டது. வரி பொது என்று சொல்லி அந்த மெட்டையும் தூக்கி வந்தால் அது தேசிகர் வீட்டுக் கணக்கு. ‘காக்கைச் சிறகினிலே’ என்றதும் யேசுதாஸ் குரல் கேட்கிறது இல்லையா? அது கே. ஹரிஹரன் இயக்கிய ‘ஏழாவது மனிதன்’ (1982) படத்துக்காக எல். வைத்தியநாதன் அமைத்தது. அந்தப் படத்துப் பாட்டெல்லாமே பாரதியுடையவைதான். ஆனால் மெட்டு வைத்தியநாதனின் உழைப்பு.

உங்களுக்கு யூடியூபில் கிடைத்த குரலை ஏற்றியவர் அதற்குச் சொந்தக்காரராக இருக்க வாய்ப்பு குறைவு. 1964க்குள் வெளியான இசைத்தட்டு என்று நிச்சயமாகத் தெரிந்தால் ஒலிப்பதிவின் காலம் முடிந்திருக்கும். அப்போதும் மெட்டுப் போட்டவர் எந்த ஆண்டில் இறந்தார் என்று பார்க்க வேண்டியிருக்கும். இவ்வளவு தலைவலிக்கு, உங்கள் படத்தில் நடிக்கிற யாராவது ஒருவரையே புது மெட்டில் பாட வைத்துவிடலாம். சுருதி கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை, அந்தப் பாத்திரத்தின் வாயிலிருந்து வருகிற பாட்டாக இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

*

டீக்கடைக் காட்சியில் ரேடியோவில் ஒரு எண்பதுகளின் பாட்டு பத்து விநாடி கேட்கிறது. வேண்டுமென்று வைத்ததில்லை, படப்பிடிப்பின்போது உண்மையாகவே ஓடியது. பத்து விநாடிக்கு அனுமதி தேவையில்லை என்பது உண்மையா?
— துணை இயக்குநர், சென்னை

பத்து விநாடி சலுகை, எட்டு விநாடி சலுகை என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. யாரோ கிளப்பிவிட்டது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தற்செயலாகப் பின்னணியில் வருவதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, ஆனால் அது ஓவியம், சிற்பம், புகைப்படம் போன்ற கலைப்படைப்புகளுக்கு. டீக்கடைச் சுவரில் மாட்டிய படம் ஷாட்டில் வந்தால் அந்த விலக்கைக் காட்டலாம். அந்தச் சுவருக்குக் கீழே இருக்கிற ரேடியோவில் ஓடும் பாட்டுக்குக் காட்ட முடியாது.

சட்டத்தை விடுங்கள், என் பாட்டைக் கேளுங்கள். நீங்கள் லைவ் சவுண்ட் எடுத்திருக்கிறீர்கள். வசனத்தோடு பாட்டும் ஒரே டிராக்கில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். எடிட்டர் நடுவில் ஒரு வரி வசனத்தை வெட்டினால் பாட்டும் அந்த இடத்தில் துள்ளும். பல்லவியில் இருந்த பாட்டு அடுத்த ஷாட்டில் சரணத்துக்குத் தாவும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ சரியில்லை என்று மட்டும் படும். இனிமேல் கடைக்காரரிடம் நயமாகப் பேசி ரேடியோவை அணைக்கச் சொல்லிவிட்டு எடுங்கள். கிளம்பும் முன் எல்லோரையும் ஒரு நிமிஷம் வாயை மூடச் சொல்லி அந்த இடத்தின் வெறும் சத்தத்தையும் பதிவு செய்துகொள்ளுங்கள். பாட்டை எடிட் முடிந்த பிறகு, உரிமை கிடைத்த பாட்டாகப் பார்த்து, ரேடியோவில் கேட்கிற மாதிரி மெலிதாக்கி நாங்கள் வைத்துக்கொடுக்கிறோம்.

இப்போது எடுத்ததற்கு என்ன வழி? அந்த வசனத்தை டப்பிங்கில் மறுபடி பேச வைப்பதுதான்.

*

படங்களில் கவிதை வாசிக்கிறபோதெல்லாம் பள்ளி ஆண்டுவிழா மாதிரி இருக்கிறதே, ஏன்? நல்ல கவிதையைக்கூடக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
— தமிழாசிரியை, கும்பகோணம்

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தை எழுத ஒப்புக்கொண்டேன்.

முதல் காரணம் ஹெட்போன். நடிகரைக் கண்ணாடி அறைக்குள் நிற்க வைத்து, இரண்டு காதிலும் அவர் குரலையே ஊற்றினால், யாராக இருந்தாலும் தன் குரல் மேல் மோகம் வந்துவிடும். ஒரு காதைக் கழற்றச் சொன்னாலே பாதி மேடை போய்விடுகிறது. மீதிப் பாதியைப் போக்க நான் கைக்கு வேலை கொடுப்பேன். சங்கக் கவிதை ஒன்றை ஒரு நடிகை எத்தனை முறை சொல்லியும் சொற்பொழிவாகவே வந்துகொண்டிருந்தது. கடைசியில் ஒரு கூடைத் துணியைக் கொடுத்து மடித்துக்கொண்டே சொல்லுங்கள் என்றோம். மூச்சு இயல்பான இடத்தில் விழ ஆரம்பித்தது. துணி உரசுகிற சத்தத்தையும் நீக்காமல் அப்படியே விட்டுவிட்டோம்.

அடுத்தது, யார் யாரிடம் சொல்கிறார் என்று முடிவு செய்யாமல் ரெக்கார்டிங்குக்கு வருவது. மனசுக்குள் ஓடுகிற கவிதை என்றால் மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்க வேண்டும், எதிரொலி துளியும் கூடாது. எதிரில் இருப்பவரிடம் சொல்வதென்றால் மைக் இரண்டு முழம் தள்ளிப் போக வேண்டும், அந்த அறையின் சத்தமும் கூடவே வர வேண்டும். இரண்டுமில்லாமல் ஸ்டுடியோவில் எடுத்துவிட்டு, அழகுக்காகக் கோயில் மண்டபம் மாதிரி எதிரொலி போடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் உங்கள் ஆண்டுவிழா ஆரம்பிக்கிறது.

மூன்றாவது, கவிதையை அதன் போக்கில் கேட்காதது. நீங்கள் தமிழாசிரியை என்பதால் கொஞ்சம் உள்ளே போகிறேன். எல்லோரும் கை வைக்கிற குறுந்தொகை 40ஐ எடுத்துக்கொள்வோம்.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயல்நீர் போல
அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே

முதல் மூன்று அடியும் கேள்வி. உன் அம்மா யார், என் அம்மா யார், நம் அப்பாக்கள் எந்த விதத்தில் உறவு, நீயும் நானும் எப்படி அறிமுகம் என்று காதலன் காதலியிடம் வியந்து கேட்டுக்கொண்டே போகிறான். ஒவ்வொரு அடியிலும் நான்கு சீர். நாலாவது அடியில் மூன்றே சீர். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, அப்படித்தான் வரும் என்று வகுப்பில் நீங்களே சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். ஒலித்தொகுப்பு மேஜையில் அது இலக்கணம் இல்லை, நேரடியாகக் காதில் விழுகிற விஷயம். நான்கு நான்காகக் கேட்டுப் பழகிய காது ‘போல’ என்றதும் இன்னொன்றுக்குக் காத்திருக்கிறது, அது வருவதில்லை. அந்தக் காலியிடம் புலவரே படத்துக்கு விட்டுப்போனது. அங்கே ஒரு பார்வை வரலாம், ஒரு திரும்பல் வரலாம். நம் ஆட்கள் அங்கே வயலின் வைக்கிறார்கள். போதாததற்குத் திரையில் செம்மண்ணும் மழையும். வரியில் கேட்டதையே கண்ணிலும் காட்டினால் இரண்டில் ஒன்று தண்டம்.

இதையே பாட்டாக்கும்போது வேறு ஒரு சிக்கல். பாட்டு என்றால் பல்லவி வேண்டுமே என்று ‘யாயும் ஞாயும்’ என்ற அடியைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருவார்கள். நெஞ்சம் கலந்துவிட்டது என்று முடித்த பிறகு மறுபடி ‘உன் அம்மா யார்’ என்று கேட்பதா? கேள்வியில் தொடங்கி விடையில் முடிகிற கவிதையை ஒரே போக்காகப் பாடுவதுதான் நியாயம். ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும், முடியட்டுமே. இரண்டாவது முறை வேண்டுமென்றால் படத்தின் இன்னொரு இடத்தில், வேறொருவர் வாயில் வரட்டும்.

*

பாட்டே இல்லாத படம்தான் தரமான படமா?
— கல்லூரி மாணவர், கோவை

யார் சொன்னது? ‘வீடு’ (1988) படத்தில் பாட்டு கிடையாது, ஆனால் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பை எடுத்துப் படம் முழுக்கப் பயன்படுத்தியிருப்பார் பாலு மகேந்திரா. ‘கொட்டுக்காளி’ (2024) பின்னணி இசையையே வேண்டாம் என்றது, வண்டிச் சத்தமும் காற்றும் வேலை பார்த்தன. மேலே சொன்ன ‘ஏழாவது மனிதன்’ பாட்டுகளோடுதான் தேசிய விருது வாங்கியது. பணமில்லாததால் பாட்டு வைக்காத படங்களும் நிறைய உண்டு. அதைப் பேட்டிகளில் அழகியல் என்று சொல்லிக்கொள்வோம்.

*

எங்கள் ஊர்ப் பாட்டி ஒருவர் ஒப்பாரி பாடுவார். செல்போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். நாட்டுப்புறப் பாட்டுக்குச் சொந்தக்காரர் கிடையாது என்பதால் என் ஆவணப்படத்தில் பயன்படுத்தலாம்தானே? பதிவு சுமாராக இருப்பதால் ஒரு தொழில்முறைப் பாடகியை வைத்து மறுபடி பாடவைக்கவும் யோசனை.
— ஆவணப்பட இயக்குநர், தேனி

பாட்டுக்குச் சொந்தக்காரர் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். பாடியவர் இருக்கிறாரே. நிகழ்த்துபவர் உரிமை என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறது, பாடிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டுக்கு. படத்தில் சேர்க்க அவருடைய சம்மதம் எழுத்தில் வேண்டும். அவருக்குப் படிக்க வராது என்றால் உட்கார்ந்து நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். அதை அப்படியே ஒலிப்பதிவும் செய்துகொள்ளுங்கள். எந்தப் படம், எங்கெல்லாம் காட்டுவீர்கள், என்ன பணம் என்று மூன்றும் அதில் வர வேண்டும். ‘ஏதோ பசங்க எடுக்குறாங்க’ என்று அவர் தலையாட்டியது சம்மதம் ஆகாது.

ஒப்பாரியில் இன்னொரு முடிச்சு உண்டு. பாடுகிறவர் செத்தவரின் பெயரையும் உறவையும் வைத்துப் பாடுவார். உங்கள் செல்போனில் இருப்பது உண்மையான எழவு வீட்டுப் பதிவு என்றால், அதில் வருகிற பெயர்கள் உயிரோடு இருக்கும் ஒரு குடும்பத்துடையவை. பாட்டியிடம் மட்டுமல்ல, அந்த வீட்டிலும் கேளுங்கள். கேட்டுப் பாடச் சொன்ன பதிவு என்றால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் சாவு இல்லாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடக் கூடாது என்று பலர் தயங்குவார்கள். வற்புறுத்தாதீர்கள். ஒரு முறை நாங்கள் ஊருக்கு வெளியே களத்து மேட்டுக்குப் போனோம். அங்கே போனதும் அந்த அம்மாவுக்கும் குரல் விட்டது. நாங்களும் ஆட்டோ சத்தத்திலிருந்து தப்பித்தோம்.

தொழில்முறைப் பாடகி யோசனையை விட்டுவிடுங்கள். ஒப்பாரியில் அழுகைக்கும் ராகத்துக்கும் நடுவே குரல் உடைகிற இடங்கள்தான் பாட்டு. ஸ்டுடியோவில் பாடுகிறவர் அந்த உடைசலை அழகாகச் செய்துவிடுவார், அதுதான் பிரச்சினை. பதிவு சுமார் என்றால் நல்ல மைக்கோடு பாட்டியிடமே திரும்பப் போங்கள். ‘ஜோக்கர்’ (2016) படத்தில் ‘ஜாஸ்மினு’ பாடிய சுந்தரய்யர் திரைப்பாடகராக அறியப்பட்டவர் இல்லை, கிராமத்துக் கலைஞர். அந்தக் குரலுக்குத்தான் தேசிய விருது போனது.

டைட்டிலில் ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று மொட்டையாகப் போடாதீர்கள். பாட்டியின் பெயர், ஊர் இரண்டையும் போடுங்கள்.

*

கவிதை எழுதுகிறேன், இரண்டு தொகுப்பு வந்திருக்கிறது. ஒரு சுயாதீனப் பட இயக்குநர் என் கவிதையைப் பாட்டாக்கக் கேட்கிறார். ‘மெட்டுக்காகச் சில வார்த்தைகளை மாற்றிக்கொள்வோம், பெயர் போடுவோம், பணம் கேட்காதீர்கள்’ என்கிறார். சரி சொல்லலாமா?
— கவிஞர், புதுச்சேரி

மூன்று நிபந்தனையில் நடுவில் இருப்பது உங்களுக்குச் சட்டம் ஏற்கெனவே கொடுத்தது. எழுதியவர் என்று பெயர் கோருவது ஆசிரியரின் தார்மீக உரிமை. இயக்குநர் அதைச் சலுகை மாதிரி நீட்டுவது சிரிப்பாக இருக்கிறது.

பணம் உங்கள் விருப்பம். நண்பருக்குச் சும்மா கொடுப்பதில் தப்பில்லை, நானும் சும்மா வேலை செய்திருக்கிறேன். ஆனால் இன்றைக்கு வாங்காத பணமும் வருங்கால உரிமைத் தொகையும் வேறு வேறு. 2012ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு தியேட்டருக்கு வெளியே வேறு வழிகளில் பயன்படுத்தப்பட்டால் வரும் தொகையில் எழுதியவருக்குச் சம பங்கு உண்டு. அதை எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று நீங்களே கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. அந்தத் தொகை கைக்கு வர, பாட்டு எழுதியவர்களுக்கும் இசையமைத்தவர்களுக்கும் உரிமைத் தொகையை வசூலித்துக் கொடுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். படக்குழு தயாரிக்கும் கியூ ஷீட்டில், அதாவது எந்த இடத்தில் எந்தப் பாட்டு எத்தனை விநாடி என்ற பட்டியலில், உங்கள் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலை நிரப்புவது என் மாதிரி ஆட்கள்தான். யாரும் கேட்காவிட்டால் நாங்களும் அவசரத்தில் ‘பாடல் 2’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம், அதனால் கேளுங்கள்.

வார்த்தை மாற்றம்தான் நிஜமான சண்டை. மெட்டு முதலில் வந்து, ‘தன தான’ என்று போகிற அதன் தத்தகாரத்துக்கு வார்த்தை எழுதுவது ஒரு தொழில். ஏற்கெனவே எழுதி அச்சாகிவிட்ட கவிதைக்கு மெட்டுப் போடுவது இன்னொன்று. இரண்டாவதில் வளைய வேண்டியது மெட்டு. ‘ஒரு நெடில் வேண்டும், அதனால் இந்தச் சொல்லைத் தூக்கிவிட்டு அதைப் போடுங்கள்’ என்று இசையமைப்பாளர் கேட்டால், உங்கள் கவிதையைச் சத்தமாக அவர் முன்னால் ஒரு முறை படித்துக் காட்டுங்கள். நீங்கள் நிறுத்துகிற இடம், இழுக்கிற இடம் அவருக்குக் கேட்கட்டும். நல்ல இசையமைப்பாளர் என்றால் அங்கேயே விரல் தாளம் போட ஆரம்பித்துவிடும். அப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், எந்த மாற்றமும் உங்களிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே என்று ஒரு வரி கடிதத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். அப்புறம் தாராளமாகச் சரி சொல்லுங்கள்.

*

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது மட்டும் ஒரு பாட்டு வைக்கலாம் என்கிறார் என் தயாரிப்பாளர். படத்துக்குள்ளே இடமில்லையாம். ஒத்துக்கொள்ளலாமா?
— இயக்குநர், மதுரை

தியேட்டரில் பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்துவிடுவார்கள். ஓ.டி.டி.யில் திரை ஒரு மூலைக்குச் சுருங்கி அடுத்த படத்தைக் காட்ட ஆரம்பித்துவிடும். பாட்டு முக்கியம் என்றால் கடைசி ஷாட் ஓடிக்கொண்டிருக்கும்போதே தொடங்குங்கள். முதல் இரண்டு வரி படத்துக்குள்ளே விழட்டும், கறுப்புத் திரை அதற்குப் பிறகு வரட்டும். எழுதியவர், பாடியவர் பெயர்களை ஓடுகிற பட்டியலுக்குள் போடாமல், நிற்கிற முதல் அட்டையிலேயே போட்டுவிடுங்கள்.